அண்ணன் உடம்பில் என் செல்கள்

அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான் நலம். அங்கே உன் நலத்தை விசாரிக்க வேண்டிய அவசியமில்லை. உன் எலும்புக்குள் உட்கார்ந்து ரத்தம் ஊற வைப்பது என் செல்கள்தான்.

நான் புருஷனை விட்டு வந்த அன்று, "இனிமே உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாய். பிறகு உனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. செல்லுக்கு மேலே அடையாள அட்டை மாதிரி சில புரதங்கள் இருக்கின்றனவாம், அவற்றின் மரபணு பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் வருமாம், அது ஒத்துப்போனால்தான் ஒருவர் செல் இன்னொருவர் உடம்பில் தங்குமாம். உன் செல்லத் தம்பிக்குப் பாதிதான் பொருந்தியது, எனக்கு முழுசாகப் பொருந்தித் தொலைத்தது. அண்ணி என் டிரைவிங் ஸ்கூலுக்கே வந்து காருக்கு முன்னால் நின்று அழ, ரிவர்ஸ் பழகிக்கொண்டிருந்த பெண் பதறிப்போய்ச் சுவரில் இடித்தாள். அழுகை நிற்கட்டும் என்றுதான் என் எலும்பு மஜ்ஜையைக் கொடுத்தேன்.

பிழைத்தாய், சந்தோஷம். ஆனால் பூனையைக் கண்டால் எனக்கு வருகிற தும்மல் என் செல்களோடு சேர்ந்து உனக்கும் வந்துவிட்டதாம். "உன்னால வந்த தும்மல்தானே, நீயே வெச்சுக்க" என்று அண்ணி உங்கள் பூனையை என் வீட்டில் விட்டுவிட்டுப் போய்விட்டார், இப்போது நான் தும்முகிறேன். நீ சாப்பாட்டுத் தட்டை விசிறியடித்தால்கூட "தங்கச்சி குணம் வந்துடுச்சு" என்கிறாராம். நீ சின்ன வயதில் உடைத்த தட்டுகளுக்கு யார் செல் காரணம்? இதுகூடப் போகட்டும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீ நன்றி சொன்னதைத் தம்பி காட்டினான். டாக்டருக்கு நன்றி, நர்சுகளுக்கு நன்றி, லிஃப்ட் இயக்கியவருக்குக்கூட நன்றி. என்னைப் பற்றி மூச்சே இல்லை. அழுதேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன்.

ஆகையால் கேட்டுக்கொள். இனி என் உடம்பிலிருந்து உனக்கு ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. யாரையும் தூது அனுப்பாதே.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அண்ணிக்கு என் வணக்கம், பூனையின் வணக்கமும்.

இப்படிக்கு,
உன் தங்கை

பி.கு.: உறையில் போடும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன் செய்தார். நோய் மறுபடி தலைகாட்டுகிறதாம், அதோடு சண்டை போட இந்தத் தடவை என் வெள்ளணுக்கள் வேண்டுமாம். "உங்க அண்ணன்கிட்ட சொன்னோம்மா. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவகிட்ட கேக்கிறதுன்னு அழறார்" என்றார். நீ ஒன்றும் கேட்க வேண்டாம். வியாழக்கிழமை காலை நானே வருகிறேன். என்னைப் பார்க்கக் கூச்சமாக இருந்தால் முகத்தைத் திருப்பிக்கொள், கையை மட்டும் நீட்டு.