குரியாச்சன் சார் போட்ட மார்க்

பொண்டாட்டி ரோஸிலியை மட்டும் இங்கிலீஷ் பரீட்சையில பாஸாக விடுறதில்லைன்னு குரியாச்சன் சார் முடிவு பண்ணினாரு.

ஊர் நர்ஸுங்களை எல்லாம் பாஸாக்கி அயர்லாந்துக்கு ஏத்தி விடுறதுதான் அவரு பொழப்பு. கோட்டயம் பக்கம் பாலாவுல, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில கோச்சிங் சென்டர். அங்க அவருக்குன்னு ஒரு வகுப்பு. பாக்க ஒண்ணு போலவே இருந்து கழுத்தறுக்கிற இங்கிலீஷ் வார்த்தைங்களைப் பிரிச்சுக் காட்டுவாரு. 'பாரோ'ன்னா வாங்கிக்கிறது, 'லெண்ட்'னா குடுக்கிறது. இதைப் பிரிக்கத் தெரிஞ்ச பொண்ணு பிளேன் ஏறிடும். புருஷன் தரையில நிப்பான்.

எதிர்வீட்டு அவுதக்குட்டி அப்படி நிக்கிறவன். பொண்டாட்டி அயர்லாந்து போய் மூணு வருஷம் ஆச்சு. அஞ்சு பெட்ரூம் வீடு. அஞ்சுலயும் மழைச் சத்தம். நாயை உக்கார வெச்சு அரசியல் பேசுவான். இப்பல்லாம் நாயும் எழுந்து போயிடுது.

சாருக்கும் பிள்ளைங்க கிடையாது. நாயும் கிடையாது.

ரோஸிலி மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸு. புருஷனை 'இச்சாயா'ன்னுதான் கூப்பிடுவா. "இச்சாயா, நீங்க 'ரெடி'ன்னு எழுதிக் குடுக்கிற அன்னைக்குத்தான் பரீட்சைக்குப் பேரு குடுப்பேன்"னு அவளே சொல்லிட்டா. சாருக்கு அது போதும். மாதிரித் தாள் குடுப்பாரு, சிவப்புப் பேனாவை எடுப்பாரு.

"என்ன இச்சாயா, முப்பத்தெட்டா?"

"பின்ன? 'ஹியர்'க்கும் 'லிசன்'க்கும் என்ன எழுதியிருக்கே?"

"தானா காதுல விழுந்தா ஹியர். காது குடுத்துக் கேட்டா லிசன். நான் பேசினா உங்களுக்கு ஹியர், உங்க அம்மா பேசினா லிசன்."

"அர்த்தம் சரி. உதாரணத்துல கோபம் இருக்கு. அரை மார்க்."

"'பாரோ'?"

"அதுல நர்ஸுக்கு உண்டான பணிவு இல்லை. சைபர்."

ரோஸிலி கப்பைக்கெழங்கு உரிக்கப் போயிடுவா. சாரு தாளை அவ கண்ணுல படாம மடிச்சு வெப்பாரு. ஆனாலும் ராத்திரிச் சோறு ரெண்டு தட்டுல வரும்போது, செஞ்சது சரிதான்னு தோணும்.

அப்படியே ஆறு மாசம் போச்சு. நடுவுல ஆன்லைன் வகுப்புல குவைத்துலேர்ந்து லீனாம்மான்னு ஒரு நர்ஸு சேந்தா. முகம் காட்ட மாட்டா. டைப் அடிச்சுப் பதில் அனுப்புவா. தொண்ணூத்தாறுக்குக் கீழ மார்க் போட சாருக்குக் கை வரலை. பதில் எங்கயோ படிச்ச மாதிரி இருக்கும். நல்ல புள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரிதான் யோசிக்கும்னு விட்டுட்டாரு. வீட்டுல செய்யற பாவத்துக்கு எங்கயாவது புண்ணியம் வேணாமா? உருகி உருகி ஒரு மெசேஜ் போட்டாரு: 'சிஸ்டர், நீங்க ரெடி. உடனே பேரு குடுங்க. வீட்டுல யாராவது பத்தாதுன்னு சொன்னா நம்பாதீங்க. அது சுயநலம்.'

கர்க்கடக மாச மழை. கரண்ட் இல்லை. ரோஸிலி தன் போனைச் சாரு முன்னால வெச்சா.

"என்னடி இது?"

"ரிசல்ட். பாஸ்."

"நான் ரெடின்னு எழுதவேயில்லையே! யாரைக் கேட்டுப் பேரு குடுத்தே?"

"எழுதினீங்களே இச்சாயா. கீழ தள்ளிப் பாருங்க."

தள்ளிப் பாத்தாரு. அவரு போட்ட மெசேஜு. சுயநலம் வரைக்கும் அப்படியே இருந்துச்சு.

"லீனாம்மா..."

"நான்தான். உங்ககிட்டக் குடுத்த அதே பதிலைத்தான் அங்கயும் அனுப்பினேன். வீட்டுல முப்பத்தெட்டு, குவைத்துல தொண்ணூத்தாறு. இதுல எது என் சார்னு எனக்குத் தெரியணும்ல?"

சாரு போனைக் கவுத்து வெச்சாரு.

"போகாதடீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனோ என்னமோ. ஆறு மாசமா மார்க்கைத்தானே குறைச்சீங்க?"

"இப்பச் சொன்னா?"

"ஆஸ்பத்திரியில ராஜினாமா குடுத்தாச்சு இச்சாயா."

அவ அடுக்களைக்குப் போனா. நானூறு நர்ஸுங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்த மனுஷன், அவ பின்னாலயே போயி வாசப்படியில நின்னாரு. கேட்டாரு:

"ஒரு ஆளுக்கு எத்தனை டம்ளர் அரிசி போடணும்?"