நாரை டீச்சர் பார்த்த குளம்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்று ஆரம்பித்து இந்தக் கதையை எனக்குச் சொன்னது ஒரு பல்லி. பல்லி சொன்னால் பலிக்கும் என்பார்கள். நடந்து முடிந்ததைப் பல்லி சொன்னால் நம்பலாமா என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போடவில்லை. அதனால் பல வருடங்களாக இந்தக் கதையைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறேன். சந்தேகம் பல்லியின் மேலா, அதை இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்த என் மேலா என்பதும் தெளிவாகவில்லை. எங்கள் வீட்டு ட்யூப்லைட்டுக்குக் குடிவருமுன் அது ஓர் ஓவியக் கூடத்தில் இருந்ததாம். கதையில் வரும் படத்தோடு அதற்கு நெருங்கிய பழக்கமாம். அது சொன்னபடியே சொல்கிறேன்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் ஒரு கரடி. ஒருநாள் நாரை டீச்சர் கரடியின் அறைக்குப் போய், "சார், பிள்ளைகளை ஒரு கண்காட்சிக்குக் கூட்டிட்டுப் போகணும். மனப்பதிவு ஓவியங்கள்" என்றது.

"பத்திரப்பதிவு தெரியும். மனப்பதிவு எந்த ஆபீஸ்ல பண்றாங்க?"

"அது ஒரு ஓவிய முறை சார். இம்ப்ரெஷன்னு சொல்வாங்க."

"இன்ஸ்பெக்‌ஷனா!" கரடி பாதித் தேன்கூட்டை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்றது.

இன்ஸ்பெக்‌ஷன் இல்லை, வெயிலையும் நிழலையும் சின்னச் சின்ன வண்ணத் தீற்றல்களாக வரைந்த படங்கள்தான் என்று தெரிந்ததும் கரடிக்குத் தைரியம் வந்தது. தைரியம் வந்தால் அதற்குக் கோபமும் வரும்.

"போன தடவை அருவிக்குப் போனப்ப ஆமைக்குட்டியைத் தொலைச்சிட்டு வந்தீங்க."

"தொலைக்கலை சார். பின்னாலதான் வந்துகிட்டு இருந்தான்."

உண்மைதான். மழைக்காலம் முடிந்து ஒருநாள் ஆமைக்குட்டி வகுப்புக்குள் நுழைந்து "உள்ளேன் டீச்சர்" என்றது. ஆனால் கரடி அதையெல்லாம் கேட்கிற ரகம் இல்லை.

"இந்தத் தடவை ஒரு தலை குறைஞ்சாலும் உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்."

மனிதர்களுக்கு இது வெறும் பேச்சுவழக்கு. நாரைக்கு அப்படி இல்லை. தண்ணீர் இல்லையென்றால் மீன் இல்லை. அன்று முழுவதும் அது இரண்டு காலையும் ஊன்றியே நின்றது. ஒற்றைக் காலில் நிற்கிற நிம்மதி போய்விட்டது.

பெற்றோர் கூட்டம் நடந்தது. தன் பிள்ளைக்கு ஜன்னலோர இடம் வேண்டும் என்றது குரங்கு. நடந்துதானே போகிறோம் என்றது நாரை. நடந்தாலும் ஜன்னலோரம்தான் வேண்டும் என்றது குரங்கு. புலி கடைசி வரிசையிலிருந்து அமைதியாகக் கேட்டது: "எங்க பையனுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கணுமா டீச்சர், இல்ல கூடவே நடந்து வருதா?" முயல் வீட்டார் கையைத் தூக்கி, சாப்பாடு கட்டிக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டார்கள்.

யாரும் தொலையாமலிருக்க நாரை ஒரு வழி கண்டுபிடித்தது. ஒவ்வொரு பிள்ளையும் முன்னால் போகிற பிள்ளையின் வாலை வாயால் கவ்விக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்தின் முன்னாலும் பெயர் கூப்பிடப்படும். எல்லோரும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்ல வேண்டும்.

வாயைத் திறந்து "உள்ளேன்" என்றால் வால் நழுவிவிடும் என்பது மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

கண்காட்சி வாசலில் "படங்களைத் தள்ளி நின்று பார்க்கவும்" என்று எழுதியிருந்தது. "அதெல்லாம் தனியா வர்றவங்களுக்கு. நாம கூட்டமா வந்திருக்கோம். ஒட்டி நில்லுங்க" என்றது நாரை.

ஒட்டி நின்றார்கள். முதல் படத்தில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அடுத்த படத்துக்கு நகர்ந்தார்கள். நாரை படங்களைப் பார்க்கவில்லை, தலைகளைப் பார்த்தது. பிள்ளைகளும் படங்களைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த வாலைப் பார்த்தார்கள். எப்போதாவது நிமிர்ந்தால் மூக்குக்கு முன்னால் நீலமும் பச்சையுமாக ஏதோ அப்பியிருந்தது. "எங்க வீட்டுச் சுவத்துல தம்பி கிறுக்கினா அடி விழுது. இங்க சட்டம் போட்டு மாட்டியிருக்காங்க" என்றது பன்றிக்குட்டி.

கடைசிப் படத்தின் முன்னால் நாரை, "கொன்றை!" என்று கூப்பிட்டது. பதில் இல்லை. கொன்றை, வரிசையின் கடைசியில் வந்த புள்ளிமான் குட்டி.

நாரை முதலில் புலிக்குட்டியின் வாயைத் திறந்து பார்த்தது. சோறுதான் இருந்தது. பிறகு திரும்பினால், எதிர்ச் சுவரோரம் கொன்றை தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"ஏண்டி, கூப்பிட்டா காது கேக்காதா? எனக்கு மாத்தல் வாங்கிக் குடுக்கணும்னே வந்தியா?"

"இங்க வந்து பாருங்க டீச்சர்."

"வரிசைக்கு வா முதல்ல."

"ஒரே ஒரு தடவை டீச்சர். குளம்."

பிடித்து இழுத்து வரத்தான் நாரை போனது. போன இடத்திலிருந்து கடைசிப் படத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தது. அப்பியிருந்த நீலமும் பச்சையும் அங்கே இல்லை. ஒரு குளம் இருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவே வெயில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி" என்றது நாரை. அதன் ஒரு கால் தானாக மேலே போனது.

கொன்றை வரிசைக்குத் திரும்பினாள். நாரை திரும்பவில்லை. பிள்ளைகள் காத்துப் பார்த்தார்கள். கடைசியில் வகுப்புத் தலைவனான குரங்குக்குட்டி எல்லோர் பெயரையும் கூப்பிட்டு முடித்து, "நாரை டீச்சர்?" என்றது.

"உள்ளேன்" என்றது நாரை, படத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

பள்ளியில் கரடி பிள்ளைகளை எண்ணியது. சரியாக இருந்தது. ஆமைக்குட்டிகூட வந்துவிட்டிருந்தது. "டீச்சர் எங்கடா?"

"தண்ணியில நிக்கிறாங்க சார்."

கரடியே நேரில் போனது. படத்தில் மூக்கை வைத்து முகர்ந்தது. நாக்கால் ஒருமுறை நக்கியும் பார்த்தது. சொட்டுத் தண்ணீர் இல்லை. அதற்கு ரொம்பச் சந்தோஷம். வேலைக்குத் திரும்பாத குற்றத்துக்காக, தண்ணீர் சொட்டுக்கூட இல்லாத அந்தப் படத்துக்கே நாரையை மாற்றி அங்கேயே உத்தரவு போட்டது.

"ரொம்ப நன்றி சார்" என்றது நாரை. "ரிட்டயர் ஆகறவரைக்குமா?"

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் பல்லி இதோடு நிறுத்துவதில்லை. கூடம் பூட்டிய பிறகு நாரை படத்துக்குள் அலகை விட்டு ஒரு மீனைப் பிடித்து விழுங்கியது, என் கண்ணால் பார்த்தேன் என்கிறது. நம்ப வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது பல்லிக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மீன் விழுங்கப்படும் இடம் வந்ததும் எதையோ கேட்க வாயெடுத்து மூடிக்கொள்வேன். போன வாரம் கேட்டேவிட்டேன்:

"நீ குடியிருந்தது அந்தப் படத்துக்குப் பின்பக்கம்தானே? அங்கேயிருந்து மீன் எப்படித் தெரிஞ்சுது?"

நீதி: நல்ல ஓவியத்தை ஒட்டி நின்றே பார்க்கவும், தள்ளி நின்றால் புரிந்துவிடும்.