இன்னும் ஒரு துளை

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்குச் செய்தி வந்தது. ராய்ஸ்டன் போய்விட்டார். நண்பர் வில்ஃப் கோட்டை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்குப் போனபோது, அக்கம்பக்கத்தார் ஆறு பேர் தேநீருக்காகக் காத்திருந்தார்கள். ராய்ஸ்டனின் மனைவி ஐரீன் பால் காய்ச்சும் பாத்திரத்தில் தண்ணீர் வைத்திருந்தார். இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் மின்சாரக் கெட்டிலைத்தான் போடுவார்கள். இந்த வீட்டில் கெட்டில் இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் அதன் மின்கம்பிச் சுருள், அதாவது காயில், சனிக்கிழமையே தோட்டத்துக் கொட்டகைக்குப் போய்விட்டது.

வாசகரே, அண்டாவில் துளை போடுவோர் என்றொரு இனம் உண்டு. ராய்ஸ்டன் அதன் தலைசிறந்த மாதிரி. வீட்டிலேயே பீர் காய்ச்சுவது இவர்களுடைய லட்சியம். அதற்குக் கடையிலேயே மலிவான கெட்டிலாகப் பார்த்து வாங்கி, அதை உடைத்து, காயிலைப் பிடுங்கி, ஐம்பது பைன்ட் கொள்ளும் அண்டாவின் அடிப்பக்கத்தில் துளை போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, நட்டை முறுக்கி, தண்ணீர் நிரப்பி, கீழே காகிதத் துண்டை விரித்து, நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு சொட்டு விழுகிறதா என்று பார்ப்பார்கள். விழுந்தால் முகம் மலரும். விழாவிட்டால்? "இப்ப கசியல. ஆனா கசியும்" என்பார்கள். பதினோரு ஆண்டுகளில் ராய்ஸ்டன் ஏழு அண்டாக்களைத் துளைத்தார். காய்ச்சிய பீர் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? நல்ல வெந்நீர் நிறையக் கிடைத்தது.

ஆறு பேரும் போன பிறகு ஐரீன் வில்ஃபைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார். ஏழாவது அண்டா பளபளவென்று நின்றது. பக்கத்தில் பீருக்கு வேண்டிய, பிரிக்காத மால்ட் மூட்டையும் ஹாப்ஸ் பொட்டலமும் இருந்தன.

"முன்னாடி தேதி கெடைக்கல, அடக்கத்துக்கு இன்னும் இருபது நாளு இருக்கு வில்ஃப். வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு கிளாஸ் இதுல காய்ச்சி ஊத்தணும். ஒரே ஒரு தடவையாவது."

"அதுக்கென்ன ஐரீன். புளிச்சு பாட்டில்ல அடங்க ரெண்டு வாரம் போதும். நான் காய்ச்சித் தர்றேன்."

"அவரு மாதிரி சொல்லாத."

"நான் அவரு இல்லம்மா."

வில்ஃப் உண்மையாகவே அப்படித்தான் நம்பினார். கணக்குச் சுலபம்: ஆறு நாளுக்குள் காய்ச்சிவிட வேண்டும். புதன்கிழமை அண்டாவைத் தம் வீட்டுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றிச் சூடேற்றிப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கொதிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது, ஆனாலும் கொதித்தது. மறுநாள் காலை காய்ச்ச வேண்டியதுதான். மறுநாள் காலை, ஓய்வுபெற்ற மின்பணியாளர் ஆல்வின் துக்கம் விசாரிக்க வந்தார்.

"ஒரு காயில்தானா?"

"ஒண்ணு போதாதா?"

"போதும்யா. யாரு போதாதுன்னா? ரெண்டு இருந்தா சீக்கிரம் கொதிக்கும். உனக்கு வேணாம்னா விடு."

எந்த மனிதனால் விட முடியும்? வில்ஃப் தம் வீட்டுக் கெட்டிலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ராய்ஸ்டனுக்குச் செய்வதைக் குறையில்லாமல் செய்ய வேண்டாமா? வெள்ளிக்கிழமை துளை போட்டார். துளை ஒரு நூல் பெரிதாகிவிட்டது. பெரிய வாஷருக்கு எழுதிப் போட்டார். அது ராய்ஸ்டன் போன எட்டாம் நாள், கெடு தாண்டி வந்தது. பொருத்தியதும் ஒரு சொட்டு விழுந்தது. ஆல்வின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். இருவரும் மிகவும் சந்தோஷமாக இருந்தார்கள்.

பத்தாம் நாள் ஐரீன் தொலைபேசியில் கேட்டார்: "புளிக்க வெச்சாச்சா?"

"கிட்டத்தட்ட. இது ஒண்ணு மட்டும் முடிஞ்சிட்டா..."

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் யாருடையது என்று வில்ஃபுக்கு உறைத்தது.

அடக்கம் முடிந்து வீட்டில் கூடியபோது மேசையில் ஹாம் சாண்ட்விச்சும், கடையில் வாங்கிய பீர் பாட்டில்களும் இருந்தன. வில்ஃப் கோட்டைக் கழற்றாமல் வாசலருகிலேயே நின்றார்.

"மன்னிச்சிரு ஐரீன். ஒரே ஒரு கிளாஸ் கேட்ட."

ஐரீன் பாட்டில் ஒன்றைத் திறந்து அவர் கையில் கொடுத்தார். "பதினோரு வருஷமா கொட்டகையிலேர்ந்து அந்த ஒரே பதிலத்தான் கேட்டிருக்கேன். அன்னைக்கு போன்ல கேட்டதும் ஒரு நிமிஷம் அவருதான்னு நெனச்சேன். குடி. ஆறிப்போன டீயவிட இது மேல்."

வில்ஃப் குடித்தார். அதன் ருசி அவருக்குத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா வாசகரே? சிரியுங்கள். ஆனால் உங்களை நம்பி ஒருவர் கேட்ட காரியம் ஒன்று, இதைவிட நன்றாகச் செய்து தரலாமென்று நீங்கள் தள்ளிவைத்த காரியம், இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருமுறை எழுந்துபோய்ப் பாருங்கள். வில்ஃபின் கொட்டகையில் அண்டா அப்படியே இருக்கிறது. இரண்டாவது காயிலுக்கு எர்த் ஒயர் இன்னும் கொடுக்கவில்லை.