நாட்ஃபார்சேல் அண்ணன்

அமெரிக்காக்காரர்கள் கவனக்குறைவாகத் தொலைத்துவிட்ட அமெரிக்காவைச் சின்னமனூரில் ஒரு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் நாட்ஃபார்சேல் அண்ணன்தான். இதை எந்தச் சபையிலும் சொல்வேன்.

தொழில், பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுவது. கீழே அவர் பட்டறை, மாடியில் என் வாடகை அறை. மாற்றலாகி வந்த முதல் நாள் காலை, கீழே பெரிய சண்டை. எவனோ மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் திட்டிக்கொண்டிருந்தான். விலக்கிவிடலாம் என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கி ஓடினேன். அங்கே அண்ணன் மட்டும் தாளத்துக்குத் தலையாட்டியபடி செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். சத்தம் டேப் ரிக்கார்டரிலிருந்து.

"சண்டையில்ல தம்பி, ராப்புப் பாட்டு. உக்காருங்க."

உட்கார்ந்தவன் அடுத்த மாற்றல் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தொண்ணூறுகளில் அண்ணன் சரக்குக் கப்பலில் எலெக்ட்ரீசியன். அமெரிக்கத் துறைமுகத்தில் கப்பல் நின்றால் மற்றவர்கள் ஊர் சுற்றப் போவார்கள். இவர் சாப்பாட்டு அறை ரேடியோவுக்கு முன்னால் டேப் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு தவம் கிடப்பார். சின்னச் சின்ன வானொலி நிலையங்களில் தெருப் பையன்கள் வந்து, வாயில் வந்ததை வந்த வேகத்தில் பாடுவார்களாம். ஒருமுறை ஒலித்தால் போயிற்று, நிலையத்திலேயே பிரதி இருக்காது. அண்ணனிடம் இருக்கும். கூடவே, ரேடியோக்காரர்களுக்கு விளம்பரத்துக்காக இலவசமாக அனுப்பிய கேசட்டுகளையும் பழைய சாமான் கடைகளில் தேடிப் பொறுக்கியிருந்தார். கப்பலை விட்டு வந்தவர்கள் சென்ட்டும் சேலையும் கொண்டுவந்தார்கள். இவர் இரண்டு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட் கொண்டுவந்தார்.

"பட்டுச்சேல கொடியில தொங்குது, கேசட்டு பீரோவுல தூங்குது. இவுக என்னையக் கட்டுனாகளா, அதைக் கட்டுனாகளான்னு கேளுங்க தம்பி" என்று அவர் மனைவி என்னிடம் நியாயம் கேட்பார். நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.

விவசாயிகளுக்கு வேறு குழப்பம். வாழைத்தோப்பு மாமா ஒருவர், எரிந்துபோன மோட்டாரை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மாப்ள, இவன் யாரைப் போட்டு இந்த வாங்கு வாங்குறான்?"

"திட்டல மாமா. எந்தத் தெருவுல பொறந்தான், அந்தத் தெருவு எம்புட்டு ஒசத்தின்னு சொல்றான்."

"அதுக்கா இம்புட்டுக் கோவம்?"

"பெருமை மாமா. பெருமை வந்தா நீங்களும் இப்பிடித்தான கத்துவீக?"

பட்டப்பெயர் வந்தது மதுரையிலிருந்து காரில் வந்த ஒரு சேகரிப்பாளரால். விளம்பரக் கேசட்டுகளைப் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது. மொத்தத்தையும் கேட்டார். அண்ணன் ஒரு கேசட்டை அவர் கையில் கொடுத்து, "மேல என்ன போட்டிருக்கு? வாசிங்க" என்றார்.

"நாட் ஃபார் சேல்."

"படிச்சவுகதான? பெறகென்ன?"

"நீங்க மட்டும் கடையிலதானே சார் வாங்கினீங்க?"

"அந்தக் கடைக்காரன் அதைப் படிக்கல. நான் படிச்சுப்புட்டேன்ல."

கார் மதுரைக்கே திரும்பியது. கல்லூரியில் படித்த அண்ணன் மகள்தான் கேசட்டுகளின் பட்டியலை இணையத்தில் ஏற்றினாள். சில மாதம் கழித்து அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் கடிதம் வந்தது. அவளுடைய தம்பி வாலிபத்திலேயே இறந்துபோனவன். ஒரே ஒரு முறை, ஒரு சின்ன நிலையத்தில் நாலு நிமிடம் பாடினான். 'எங்கள் வீட்டில் அவன் படம் இருக்கிறது, குரல் இல்லை. நீங்கள் எழுதியிருக்கும் நிலையமும் தேதியும் அதேதான்' என்று எழுதியிருந்தாள்.

கேசட் இருந்தது. ஆனால் நாடா முழுக்கப் பூஞ்சை பிடித்து, சுற்றோடு சுற்று ஒட்டிக்கிடந்தது. இழுத்தால் அறுந்துவிடும்.

அண்ணன் பட்டறையைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்தார். பஞ்சு, ஸ்பிரிட், கண்ணில் பூதக்கண்ணாடி. விரல்கடை விரல்கடையாகப் பிரித்துத் துடைத்தார். எட்டு நாள். மாமா வந்து கத்தினார்: "அங்கன வாழை வாடுது, இங்கன நீ நாடாவத் தொடைக்கிற! மோட்டாரு எங்க மாப்ள?"

அண்ணன் நிமிரவில்லை. "ஒரு பொம்பளப்புள்ள, செத்துப்போன தம்பி கொரலக் கேக்கணும்னு உக்காந்திருக்கு மாமா. கை நடுங்குனா போச்சு."

மாமா குனிந்து அந்த நாடாவைப் பார்த்தார். "சரி, நீ தொட. நான் பக்கத்துக் கெணத்துல தண்ணி எடுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் மின்விசிறியையும் நிறுத்திவிட்டுப் போனார்.

ஒன்பதாம் நாள் கேசட் ஓடியது. பாதித் தெரு பட்டறையில் நின்றது. ஒரு பையன் கிளம்பினான் பாருங்கள், குற்றால அருவி மாதிரி. எங்களுக்கு ஒரு வார்த்தை புரியவில்லை, உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது நிமிடத்தில், அவன் குரலுக்கு நடுவே இன்னொரு குரல் இடியாக இறங்கியது:

"ஏலே, கதவச் சாத்துடா! பதிவு பண்ணிக்கிட்டிருக்கேன்ல!"

கப்பல் சகாவை அதட்டிய, இருபத்தாறு வயது அண்ணன்.

இப்போதைய அண்ணன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். "கெடுத்துப்புட்டேனே தம்பி. அந்தப் பய பாட்டுல போயி…" வெட்டிவிடலாம் என்றாள் மகள். "வெட்டுனா அவன் பாடுனதும்ல சேந்து போகும்? நாலு வார்த்தைன்னாலும் அவன் வார்த்தை. என்னைய வஞ்சாலும் சரி, முழுசா அனுப்பு."

மூன்று நாள் பதிலே இல்லை. அண்ணன் டேப் ரிக்கார்டரைத் தொடவில்லை. அவர் மனைவியே, "ஏதாச்சும் போடுங்களேன், வீடு வெறிச்சுன்னு இருக்கு" என்றார்.

நாலாம் நாள் காலை வீடியோ அழைப்பு. அந்தப் பெண், அவளுடைய வயதான அம்மா, பின்னால் பிள்ளைகள். அம்மா, திரையில் அண்ணன் முகம் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு அந்தப் பெண் கையைக் காட்ட, பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ஏலே, கடவ சாட்டுடா!"

அது பாட்டின் வரி என்றே நினைத்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள்! அர்த்தம் சொன்னதும் அம்மா சிரித்தார் பாருங்கள், அங்கே சிரிக்க இங்கே தெருவே சிரித்தது. யாருக்கு நன்றி சொல்வது என்று கேட்டாள் அந்தப் பெண். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சின்னமனூருன்னு சொல்லச் சொல்லும்மா" என்றார் மகளிடம். பக்கத்தில் அவர் மனைவி, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, இந்த ஊரையே தான்தான் கட்டியதுபோல நின்றார்.

நான் மாற்றலாகி அந்த ஊரை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் அண்ணனுக்குப் போன் போட்டேன். விசேஷம் ஒன்றுமில்லை; மழையைப் பற்றியும் மாமாவின் மோட்டாரைப் பற்றியும் அரைமணி நேரம் பேசினார். அவரிடம் சொல்லவில்லை, முழுவதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன்.