பேத்தியின் பெயரும் அறுபத்தைந்தும்

"நெட்டு நின்னுபோச்சு!" என்று டோக்டோசுன் கத்தினார்.

மாஸ்கோவில் அவர் மகள் கைக்குழந்தையோடு காத்திருந்தாள். தாத்தா தொழுகை அழைப்பான பாங்கைச் சொல்லிப் பேத்தியின் பெயரை மூன்று முறை அழைக்க வேண்டும். மருமகனின் சாப்பாட்டு இடைவேளை முடிவதற்குள் ஆகவேண்டிய காரியம்.

போனின் கேமராவை ஆடு மிதித்துவிட்டதால் கணினியில்தான் பேச வேண்டும். கம்பெனியோ போனுக்கு மட்டும்தான் அளவில்லாத நெட் தருகிறது. கணினிக்குப் பகிர்ந்தால் நிறுத்திவிடும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது நாரின் ஊர்ச் சந்தை முழுக்கத் தெரிந்த விஷயம். நெட்டில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தின் தலையிலும் ஓர் எண் உண்டு. ஒரு கருவியைத் தாண்டினால் அதில் ஒன்று குறையும். போனிலிருந்தே கிளம்பியது அறுபத்துநான்கோடு போகும். வேறு எண் வந்தால் திருட்டு வெளிச்சத்துக்கு வந்துவிடும். கணினியில் அறுபத்தைந்து வைத்துவிட்டால் போன் ஒன்றைக் கழித்துக்கொள்ளும், கணக்கு சரியாகிவிடும்.

டோக்டோசுனும் அப்படித்தான் வைத்தார். ஓடியது. ஆனால் சிக்னல் தொழுவத்துக் கூரைமேல்தான் கிடைத்தது.

"இந்தக் குளிர்ல வாயே திறக்க மாட்டேங்குது, பாங்கு எங்க சொல்றது?"

"போனை மேலயே விட்டுட்டுக் கீழ வாங்க" என்றாள் மனைவி புருல். அவள் தம்பி மைரம்பெக் எங்கிருந்தோ ஒரு ரவுட்டர் பெட்டியைக் கொண்டுவந்து நடுவில் மாட்டினான். அப்போதுதான் நின்றது.

"பெட்டியும் ஒண்ணு கழிச்சிருக்கும்டா! அறுபத்துமூணுல மாட்டிக்கிட்டோம்!"

"நான் சரி பண்றேன் மச்சான்." தட்டினான். ஓடவில்லை. போனிலும் நெட் அடியோடு போயிற்று.

"எவ்வளவுடா வச்ச?"

"இருநூத்தம்பத்தஞ்சு. மாஸ்கோ என்ன பக்கத்துலயா இருக்கு? நீங்க கஞ்சத்தனமா அறுபத்தஞ்சு வச்சா எப்படிப் போய்ச் சேரும்?"

"உன் கல்யாண விருந்துக்குக் குதிரை அறுக்கச் சொன்னப்ப இந்தத் தாராளம் எங்கடா போச்சு?" என்றாள் புருல்.

வேறு வழியில்லை. மைரம்பெக்கின் பட்டன் போனை வாங்கிக் கம்பெனியையே அழைத்தார் டோக்டோசுன். எடுத்தவள் ஒரு பெண். பொய் சொல்ல வாய் வரவில்லை. பேத்தி, பாங்கு, கூரை, பெட்டி, இருநூத்தம்பத்தஞ்சு எல்லாவற்றையும் ஒப்பித்தார். புருல் கிள்ளியும் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

"பாங்கு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?"

"சீக்கிரம் முடிச்சிடுவேன்மா."

"வேண்டாம், நிதானமாவே சொல்லுங்க. திறந்துவிட்டுட்டேன்."

திரையில் பேத்தி தெரிந்தாள். டோக்டோசுன் பாங்கு சொன்னார். "பெகயிம்! பெகயிம்! பெகயிம்!" குழந்தை கொட்டாவி விட்டது. மகள் அழுதாள். ரொட்டியை மென்றபடி மருமகனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மைரம்பெக்கின் போனில் கம்பெனிப் பெண் இன்னும் இணைப்பில்தான் இருந்தாள். டோக்டோசுன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தார்.

"நீ நல்லா இருக்கணும் மகளே. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. இனிமே அந்த எண்ணுல கையே வைக்க மாட்டோம்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வைங்க ஐயா. நடுவுல பெட்டி இருந்தா அறுபத்தாறு. எங்க ஆபீஸ்லயும் அப்படித்தான் வச்சிருக்கோம்."