ஞாயிறுதோறும் பதினான்கு சைக்கிள்கள்

மழை பெய்தால் வரமாட்டார்கள் என்று யார் சொன்னது? மழை பெய்துகொண்டுதான் இருக்கிறது. அவர்களும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

கோதலீவ் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. சமையலறை ஜன்னலருகே நின்று, லெயி ஆற்றங்கரைப் பாதையில் மூடுபனிக்குள்ளிருந்து முளைத்த மஞ்சள் சட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு. ஒன்றுகூடக் குறையவில்லை. சளிக்காய்ச்சல்கூட இந்தக் கிழவர்களை அண்டுவதில்லை போலிருக்கிறது.

அவள் கணவன் வில்ஃபிரிட் இறந்தது டிசம்பர் முதல் வாரத்தில். இருபது ஆண்டுகளாக அவன் முன்னால் நின்று வழிகாட்டிய சைக்கிள் சங்கத்து நண்பர்கள், அடக்கம் முடிந்த அடுத்த ஞாயிறே வாசலில் இறங்கி ஆளுக்கொரு கோப்பை காபி குடித்துவிட்டுப் போனார்கள். துக்க வீட்டுக்கு வருவது முறைதானே. கிளம்பும்போது சங்கத் தலைவர் ஓதிலோன் கேட்டார்:

"அடுத்த ஞாயிறும் வரட்டுமா, கோதலீவ்?"

"வாங்க," என்றாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே பதில் அதுதான். தேனிலவுக்குக் கடற்கரைக்குப் பதிலாகச் சைக்கிள் பயணம் போகலாம் என்று வில்ஃபிரிட் சொன்னபோதும் சரி என்றாள். நகரத்து வீட்டை விற்றுவிட்டு இந்த ஈரமான ஆற்றங்கரைக்கு வரலாம் என்றபோதும் சரி என்றாள். நாற்பத்தோரு ஆண்டுகள். சரி என்பது அவளுக்கு ஒரு சொல்லாகவே படவில்லை. மூச்சு விடுவதைப் போல ஒன்று.

ஆனால் ஞாயிறு காலை மட்டும் அவளுடையதாக இருந்தது. அவன் சைக்கிளோடு போய்விடுவான். வீடு முழுக்க அவளுக்கு. இப்போது அதுவும் போயிற்று. வார நாட்களில் நூலக வேலை, வீடு திரும்பினால் களைப்பில் கண் சொருகிவிடும். சனிக்கிழமை தங்கை வந்து கூடவே உட்கார்ந்துகொள்வாள். கோதலீவ் இன்னும் அழவில்லை. அழுவதற்குக் காலியான ஒரு வீடு வேண்டும். அவள் கேட்டதெல்லாம் ஒரே ஒரு ஞாயிறு. அதையும் யாரிடமும் கேட்கவில்லை.

மார்ச் மாதம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பள்ளத்தாக்கில் சைக்கிள் பாதைகளுக்குப் பெயர் இல்லை, எண்கள்தான். சந்திக்குச் சந்தி ஒரு கம்பம், அதில் ஓர் எண், அடுத்த எண்ணுக்கு அம்புக்குறி. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஞானத்தந்தையோ ஞானத்தாயோ உண்டு. பலகை திரும்பியிருந்தால் நிமிர்த்துவது, செடி மறைத்தால் வெட்டுவது அவர்கள் பொறுப்பு. 34, 35, 36 மூன்றும் வில்ஃபிரிட்டின் குழந்தைகளாக இருந்தவை. அவன் போனபின் நீங்கள் பார்த்துக்கொள்கிறீர்களா என்று கடிதம் வந்தது. சரி என்று எழுதிப் போட்டிருந்தாள்.

அவள் வீடு 34க்கும் 35க்கும் நடுவில். ஞானத்தாய் என்ற உரிமையில் ஓதிலோனுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: கரைப்பாதை வழுக்குகிறது, 61 வழியாகச் சுற்றிப் போவது நல்லது.

சுற்றித்தான் போனார்கள். கருங்கல் பாவிய சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் குலுங்கி, ஒன்றரை மணி நேரம் தாமதமாக, பசியோடு அவள் வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அருமையான பாதை என்று ஓதிலோன் பாராட்டினார். வெறும் காபி போதாதென்று சூப் வைக்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஞாயிறென்றால் சூப்.

ஏப்ரலில் ஸ்பானரை எடுத்துப் போய் 34ஆம் கம்பத்தின் பலகையைக் கழற்றி வந்து துணிப்பெட்டிக்கு அடியில் ஒளித்தாள். தெய்வத்துக்கே துரோகம் செய்ததைப் போல இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. சங்கத்துக்காரர்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவார்கள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வழி தெரியாமல் நின்றவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களையும் ஓதிலோன் அன்போடு கூட்டிவந்தார். அன்று இருபத்திரண்டு பேர். ஒரு ஹாலந்துக்காரி கிண்ணத்தை நீட்டி, இந்த உணவகம் திங்கட்கிழமையும் திறந்திருக்குமா என்று கேட்டாள்.

மறுநாள் விடியுமுன் பலகையைத் திரும்ப மாட்டிவிட்டு வந்தாள்.

மே மாதம் சூப்பில் உப்புப் போடுவதை நிறுத்தினாள். ஜூனில் சூப்புக்கு ருசி தரும் லீக் வெங்காயத்தாளையும் ஏறக்குறைய நிறுத்தினாள். பதினான்கு பேரும் வெந்நீரை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்கள். "உடம்புக்கு இலேசா இருக்கு," என்றார் ஓதிலோன். அடுத்த வாரம் சங்கத்தின் பெரிய அண்டா ஒன்று வந்து அவள் அடுப்பில் உட்கார்ந்தது. திரும்பிப் போகவே இல்லை.

போகப்போக அவர்களுக்கு உரிமை கூடியது. சேற்றுச் சைக்கிள்களைக் கூடத்துக்குள்ளேயே சாய்த்தார்கள். ஒரு ஞாயிறு ஓதிலோன் நனைந்த காலுறைகளைக் கழற்றி, வில்ஃபிரிட்டின் நாற்காலியின் முதுகில் விரித்துக் காயப்போட்டார். போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார்.

"பரவாயில்லையா, கோதலீவ்?"

"பரவாயில்லை."

அவர் ஏனோ பெருமூச்சு விட்டார். கடைசி ஆளாக ஓட்டிவரும் ஆஷீல், பழுதுபார்க்கும் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஆஷீல் பேசமாட்டான், குழுவில் பின்தங்குபவர்களைச் சேர்த்துக்கொண்டு வருவது அவன் வேலை. எட்டு மாதத்தில் அவன் வாயிலிருந்து நன்றி என்ற ஒரு சொல்லைத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

அன்று மாலை அவள் அந்த நாற்காலியின் ஈரத்தைத் துடைத்தாள். நாற்காலி மேல் கோபம் வந்தது. வில்ஃபிரிட் மேல் வந்தது. இப்படிப்பட்ட நண்பர்களை விட்டுவிட்டு ஒரு மனிதன் சாகலாமா? தன்மேல் வந்த கோபத்தை மட்டும் துணியோடு சேர்த்துப் பிழிந்து காயப்போட்டாள்.

செப்டம்பரில் வேறு வழியின்றி ஓடிப்போகத் தீர்மானித்தாள். ஞாயிறு எட்டு மணிக்குக் கதவைப் பூட்டி, தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு 35, 36 என்று ஆற்றோடு போனாள். பாப்லர் மரங்களிலிருந்து இலை உதிர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. அழுகை தொண்டை வரை வந்துவிட்டது, இன்னும் ஒரு வளைவு போனால் போதும் என்றிருந்தபோது பின்னால் மணி அடித்தது. பிறகு பதினான்கு மணிகள்.

"நம்மளோட ஓட்ட ஆரம்பிச்சிட்டா பாருங்கய்யா," என்று ஓதிலோன் பின்னால் திரும்பிக் கத்தினார். "முன்னாலயே போ, கோதலீவ். காத்தை நீ வாங்கிக்க, நாங்க உன் முதுகுக்குப் பின்னால சுகமா வர்றோம்."

அவள் முன்னால் போனாள். எதிர்காற்று. டெய்ன்ஸ ஊரைத் தாண்டி, இரண்டு பாலம் கடந்து, நாற்பத்தாறு கிலோமீட்டர். நிறுத்துங்கள் என்று சொல்லத் தெரியாததால் நிறுத்தவே இல்லை. கடைசியில் அவள் வீட்டு வாசலில் வந்து முடிந்தது. கதவைத் திறந்து அடுப்பை மூட்டினாள்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு. வயல்களில் பீட்ரூட் அள்ளிய லாரிகள் சாலையெல்லாம் சேற்றைக் கொட்டியிருந்தன. அந்தச் சேறு இப்போது அவள் கூடத்தில். அண்டா காலியானதும் ஓதிலோன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். வில்ஃபிரிட் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. நினைவு ஓட்டம் ஒன்று நடத்தப் போகிறார்கள். நூற்றிருபது பேர். அவள் வீட்டு முற்றத்தில் தொடங்கி, அவள் வீட்டு முற்றத்தில் முடியும். பக்கத்து ஊர்ச் சங்கங்களும் இனி இங்கேயே நின்று போக வசதியாக வாசலில் ஒரு பலகை.

"நீ முன்னால ஓட்டணும். அவனோட மஞ்சச் சட்டையைப் போட்டுக்கிட்டு. சரிதானே, கோதலீவ்?"

சரி என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அந்தச் சட்டை மாடி அலமாரியில் இருந்தது. அவன் கடைசியாகக் கழற்றிப் போட்டபடி, துவைக்காமல். ஒரு ஞாயிறு காலை யாருமில்லாதபோது அதில் முகத்தைப் புதைக்கவேண்டும் என்று வைத்திருந்தாள். பதினோரு மாதமாக அந்த ஒரு நாள் வரவில்லை. நூற்றிருபது பேர் பார்க்க அதை மாட்டிக்கொண்டு, எதிர்காற்றில் அவன் வாசனையையெல்லாம் பறக்கவிட்டுக்கொண்டு...

"வேண்டாம்," என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள்.

ஓதிலோன் அவளைக் கூர்ந்து பார்த்தார். "எது வேண்டாம்? சட்டையா, பலகையா?"

"எதுவும் வேண்டாம். அடுத்த ஞாயிறும் வேண்டாம்."

காரணம் சொல்ல வேண்டுமென்று வாயைத் திறந்தாள், ஒருவரும் காரணம் கேட்கவில்லை. ஒருவர் முகமும் கோணவில்லை. இதற்காகவே காத்திருந்தவர்களைப் போல எழுந்து தலைக்கவசத்தை மாட்டினார்கள். இரண்டு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டார்கள். ஓதிலோன் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். ஒவ்வொருவராக அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு மழைக்குள் போனார்கள்.

கடைசியில், எப்போதும்போல, ஆஷீல். வாசற்படியில் நின்று பையின் வாரை இழுத்துக் கட்டினான்.

"மூணு வாரத்துல சொல்லிடுவீங்கன்னு நெனச்சோம், அம்மணி," என்றான். "'அவ வேண்டாம்னு சொல்ற வரைக்கும் விடாதீங்கடா, நாப்பத்தோரு வருஷமா அவ சொன்ன சரியில எது நெசம்னு தெரியாமலே போறேன்'னு எங்க பதினாலு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுத்தான் வில்ஃபிரிட் கண்ணை மூடினான்."