பிரேக் அண்ணை நிறுத்திய ஃபைனல்

மெல்பர்னின் தென்கிழக்குப் பக்கம் கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேருக்கு பிரேக் போடக் கற்றுக்கொடுத்தவர் பிரேக் அண்ணை. மற்ற பாதிப் பேர், அவர் ரோட்டோரம் நிற்பதைப் பார்த்தாலே தாங்களாக பிரேக் போட்டுவிடுவார்கள். எங்கள் பகுதியில் விபத்து குறைவாக இருப்பதற்கு போலீஸ்தான் காரணம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் வந்ததில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். எங்கள் பகுதி டண்டினொங்கில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது தொழில். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை வருஷக்கணக்கில் மிதித்து மிதித்து, காரை விட்டு இறங்கிய பிறகும் அவர் கால் ஓயவில்லை. கடையில் யாராவது ட்ராலியை வேகமாகத் தள்ளினால் அவர் கால் தரையை அழுத்தும். கல்யாணத்தில் போட்டோகிராபர் மணவறைக்குக் குறுக்கே ஓடினால் அழுத்தும். சங்கக் கூட்டத்தில் தலைவர் பேச எழுந்தாலே அழுத்தும். ட்ராலி சில சமயம் நின்றிருக்கிறது, தலைவர் நின்றதில்லை.

மதுரையில் பன்னிரண்டு வருஷம் கார் ஓட்டியவன் என்ற திமிரோடு நான் அவரிடம் போனேன். முதல் நாள், முதல் திருப்பத்தில், நம் ஊர் வழக்கப்படி ஹாரனை அழுத்தினேன். கார் நின்றது. நான் நிறுத்தவில்லை.

"தம்பி, இப்ப ஏன் கோன் அடிச்சனீர்?"

"திரும்புறோம்ல அண்ணே. எதிர்ல வர்றவங்களுக்குத் தெரியணும்ல?"

"இஞ்ச கோன் அடிக்கிறது ஆளைத் தூஷணத்தால பேசுற மாதிரி. அந்தா ரோட்டுக் கடக்கிற மனுசியை நீர் இப்ப கெட்ட வார்த்தையால பேசிப்போட்டீர். கண்ணாடியை இறக்கி சொறி சொல்லும்."

சொன்னேன். அந்த வெள்ளைக்காரப் பெண்மணி எதற்கென்று புரியாமல் எனக்குக் கையசைத்துவிட்டுப் போனார். அதன் பிறகு இரண்டு முறை லைசென்ஸ் டெஸ்டில் தோற்றேன், இரண்டு முறையும் என்னைவிட அண்ணைதான் அதிகம் வருத்தப்பட்டார்.

இப்படி எல்லாவற்றுக்கும் பிரேக் போடும் மனிதருக்கு, பிரேக்கே பிடிக்காத ஒரு விஷயம் உண்டு. அது அவருடைய காலேஜ் புட்பால்.

யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களுக்குக் காலேஜ் என்றுதான் பெயர். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவன் எழுபது வயதிலும் அந்தக் காலேஜ்காரன்தான். நாடு மாறும், பாஸ்போர்ட் மாறும், முழங்கால் மூட்டுகூட மாறும், காலேஜ் மாறாது. மெல்பர்னில் வருஷா வருஷம் மார்ச் மாதம் இந்தப் பழைய மாணவர் சங்கங்கள் சேர்ந்து புட்பால் போட்டி நடத்துகின்றன. விளையாடுகிறவர்கள் பிள்ளைகள், பலர் அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட்டைக்கூடப் பார்த்திராதவர்கள். சண்டை போடுகிறவர்கள் அப்பாக்கள். காலேஜ்களின் பெயரை இங்கே எழுதினால் எனக்கு மறுநாள் காலையில் இருபக்கத்திலிருந்தும் போன் வரும். ஆகவே சட்டையின் நிறத்தை மட்டும் சொல்கிறேன். அண்ணை பச்சை. ஜென்மப் பகை ஊதா. பச்சை ஒரு தடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை. ஊதாக்காரர்கள் பிறந்தநாள் விருந்துக்கு அண்ணையைக் கூப்பிட்டால், கேக்குக்குப் பக்கத்தில் கோப்பையையும் வைப்பார்கள்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், நேரம் பார்க்க ஒரு நடுநிலையான ஆள் தேவைப்பட்டது. "இந்தியாக்காரர், ஒரு கொலிஜும் இல்லாதவர்" என்று என்னைப் பிடித்துப் போட்டார்கள். கையில் போனில் ஸ்டாப்வாட்ச், பக்கத்தில் பச்சை அனுப்பிய மட்டன் ரோல், ஊதா அனுப்பிய கடலை வடை. இரண்டையும் சமமாகச் சாப்பிடுவதுதான் நடுநிலை என்று புரிந்துகொண்டேன்.

மைதானத்தைக் கொடுக்கும் கவுன்சில், பாதுகாப்புக்கு ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. யாருக்கும் விருப்பமில்லாத வேலை. அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். பச்சைச் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற வெஸ்ட், பார்க்கிங் சொல்லிக்கொடுக்கும் கூம்புகள், கையில் காற்றடைத்த ஹாரன். ஹாரன் அடித்ததற்கு என்னை மன்னிப்புக் கேட்க வைத்த அதே மனிதர்.

பொறுப்பேற்ற முதல் வருஷமே வம்பு வந்தது. பச்சை மூன்று கோல் வாங்கித் தோற்றுக்கொண்டிருந்தபோது தூரத்தில் இடி கேட்டது. அண்ணை ஆட்டத்தை நிறுத்திவிட்டார். "தோக்கேக்க மட்டும் இவருக்கு நல்லாக் காது கேக்குது" என்றார்கள் ஊதாக்காரர்கள். மழை நின்று ஆட்டம் தொடர்ந்தது, பச்சை இன்னும் இரண்டு கோல் வாங்கியது. ஆனாலும் அந்தப் பேச்சு அவரைக் குத்திவிட்டது. ஒரு வருஷம் முழுக்க, யாரைப் பார்த்தாலும் இடி எத்தனை கிலோமீட்டர் கேட்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷ ஃபைனலைத்தான் சொல்ல வந்தேன். பச்சையும் ஊதாவும். பச்சை ஒரு கோல் முன்னால். ஆட்டம் முடிய நான்கு நிமிஷம். அண்ணை என் பக்கத்தில் நின்று, மூச்சை உள்ளே இழுத்தவர் வெளியே விடாமல் வைத்திருந்தார். அப்போது மரங்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு சத்தம் உருண்டது.

ஊதாப் பக்கம் முகங்கள் பிரகாசமாயின. "இடி, இடி" என்று எழுந்து நின்றார்கள். அதற்குக் காரணம் இருந்தது. ஆட்டம் பாதியில் நின்று, மைதானத்தைத் திருப்பிக் கொடுக்கும் நேரத்துக்குள் முடியாமல் போனால், போன வருஷம் வென்றவர்களிடமே கோப்பை இருக்கும் என்பது விதி. போன வருஷம் வென்றது ஊதா.

பச்சைச் சங்கத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். அவர் ஓடி வந்தார். "அண்ணை, அது ஃப்ரீவேயில போற லொறி."

"லொறி வானத்திலயோ போகுது?" என்றார் ஊதாத் தலைவர், அந்தப் பக்கமிருந்து.

அண்ணை என்னைப் பார்த்தார். "தம்பி, உமக்குக் கேட்டதோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "காலையிலேர்ந்து ஒரு காது அடைச்சிருக்குண்ணே" என்றேன். மட்டன் ரோலும் வடையும் வயிற்றுக்குள் இருக்கும்போது வேறென்ன சொல்ல முடியும்?

அந்த நேரம் மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் வெட்டியது. அண்ணை மைதானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஸ்கோர் போர்டைப் பார்த்தார். மறுபடி பிள்ளைகளைப் பார்த்தார். அந்த மனிதர் அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அவர் கால் புல்லை அழுத்தியது. ஹாரன் அலறியது.

"நிப்பாட்டு!"

மைதானத்தைச் சுற்றி நின்ற அத்தனை பேரும், பச்சை, ஊதா, கொத்துரொட்டிக் கடைக்காரர் உட்பட, வலது காலைத் தரையில் ஊன்றி அழுத்தியதை நான் என் கண்ணால் பார்த்தேன். எல்லோரும் அவரிடம் கார் பழகியவர்கள். நானும் அழுத்தினேன்.

"எல்லாரும் காருக்குள்ள ஏறுங்கோ. மரத்தடியில ஒருத்தரும் நிக்கப்படாது. குடையை மடக்குங்கோ. டென்ட் கம்பியை விடுங்கோ."

கால் சொன்னபடி கேட்டது, வாய் கேட்கவில்லை. பல் டாக்டர் அண்ணையின் முகத்துக்கு நேரே நின்று கேட்டார். "நீங்கள் எந்தக் கொலிஜ் அண்ணை?"

"இந்த நேரம் பச்சையும் இல்லை, ஊதாவும் இல்லை" என்று வெஸ்டைத் தட்டிக் காட்டினார் அண்ணை. "ஒறேஞ்."

நம் ஆட்களை மழைக்கு ஒதுங்க வைப்பது சுலபம். இடிக்கு ஒதுங்க வைப்பதுதான் கஷ்டம். மழை வந்தால் நேராக மரத்தடிக்குத்தான் போவார்கள். ஒருவர் நீளமான கொடிக்கம்பை விடமாட்டேன் என்றார், காலேஜ் கொடி கீழே படக் கூடாதாம். கொத்துக் கடைக்காரர் தகரக் கூரைக்குக் கீழிருந்து, "அண்ணை, முட்டை ஊத்திட்டன்" என்றார். முட்டையோடு அவரையும் இழுத்து ஒரு வேனுக்குள் ஏற்றினார் அண்ணை. விளையாடிய பிள்ளைகள்தான் சொன்னவுடன் ஏறினார்கள்.

கிடைத்த காரில் கிடைத்தவர்கள் ஏறியதில் பச்சையும் ஊதாவும் கலந்துபோனார்கள். அண்ணையின் காரில் நான் முன்னால், பின்னால் பல் டாக்டரும் ஊதாத் தலைவரும். பெல்ட் போட்டால்தான் கதவைச் சாத்துவேன் என்றார் அண்ணை.

"கார் நிக்குது அண்ணை" என்றார் தலைவர்.

"நிக்கிற காரிலதான் ஆக்கள் கவனமில்லாம இருப்பினம். போடும்."

போட்டார்கள். கடைசி இடி கேட்டதிலிருந்து அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். அரை மணி நெருங்கும்போதெல்லாம் வானம் ஒரு தடவை கனைக்கும். "ஓம், இது இடிதான்" என்று தலைவர் திருப்தியோடு சொல்வார். பல் டாக்டர் பெல்ட்டுக்குள் நெளிவார். அண்ணை மறுபடி முதலிலிருந்து என்று கையைக் காட்டுவார்.

மைதானத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அடுத்த நிமிஷமே, நம்பினால் நம்புங்கள், மேகம் விலகிப் பளிச்சென்று வெயில் வந்தது. மின்னல் எங்கும் விழவில்லை. ஒரு மரக்கிளை கருகியிருந்தால்கூட அண்ணைக்குக் கொஞ்சம் மரியாதை கிடைத்திருக்கும். ஒரு இலைகூட உதிரவில்லை.

கார் நிறுத்துமிடத்திலேயே கோப்பையை ஊதாவிடம் கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள் எவ்வளவு கோபமாக இருந்தாலும் "போட்டு வாறம்", அதாவது போய்விட்டு வருகிறோம் என்று சொல்லாமல் ஒரு இடத்தைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். அன்று பச்சைக்காரர்கள் ஒருவர்கூட அண்ணையிடம் அதைச் சொல்லவில்லை.

கடைசியில் நாங்கள் இரண்டு பேரும், கேட்டைப் பூட்ட வந்த கவுன்சில் ஆளும்தான் மிச்சம். அவர் வண்டிக்குள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூம்புகளை அடுக்கினோம்.

"தம்பி, ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லத்தானே?"

"இல்லண்ணே."

"பெடியள் எல்லாரும் வீட்ட போட்டினமோ?"

"போய்ட்டாங்கண்ணே."

"அப்ப சரி" என்றார். கடைசிக் கூம்பையும் அடுக்கிவிட்டு, "எவ்வளவு மிச்சம் கிடந்தது?" என்று கேட்டார். போனைக் காட்டினேன். ஸ்டாப்வாட்ச் நான் நிறுத்திய இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"ஓட விடும்."

வெஸ்டைக் கழற்றிக் கூம்பின் மேல் போட்டுவிட்டு, பச்சைச் சட்டையோடு மைதானத்தின் நடுவில் போய் நின்றார். நான் பட்டனை அழுத்தினேன். யாருமில்லாத மைதானத்தில், "அவனை விடாதை, வெளிய அடி, வெளிய அடி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு தடவை தலையில் கைவைத்துக் குனிந்துவிட்டார். ஊதா கோல் அடித்துவிட்டதோ என்று எனக்கே பகீர் என்றது. பிறகு நிமிர்ந்து பெருமூச்சு விட்டார், கோல்கீப்பர் பிடித்துவிட்டான் போல.

"நேரம் முடிஞ்சதுண்ணே" என்று கத்தினேன். ஹாரனை உயர்த்தி நீளமாக அலறவிட்டார். நான் கை வலிக்கிற அளவுக்குத் தட்டினேன்.

சத்தம் கேட்டு கவுன்சில் ஆள் வண்டியிலிருந்து தலையை நீட்டி, யார் ஜெயித்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"பச்சை" என்றேன்.